பெயரை மாற்றினால் போதுமா?

பொய் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அங்கே ஆசிரியர், “நடக்காத ஒன்றை நடந்ததுபோல் எழுதி வா” என்கிறார். பிள்ளை திறமையாக எழுதிவிட்டால் மதிப்பெண்ணும் கொடுக்கிறார். இது முறைதானா?

இந்தக் கேள்வியை 1986-ஆம் ஆண்டில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் என்னிடம் கேட்டார். அப்போது நான் கடலோர ஊர் ஒன்றில், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சனிக்கிழமை முற்பகல்களில் கதை எழுதும் பயிற்சி ஒன்றைத் தொடங்கியிருந்தேன். பாடத்திட்டம் கேட்காத வேலை. தலைமையாசிரியை தடுக்காததால் நடந்த வேலை. வகுப்பில் இருந்த 22 பேரில் அவருடைய மகளும் ஒருத்தி.

அஸர் தொழுகை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. “சார், பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடு என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வேடிக்கைக்கே அந்த நிலை. நீங்கள் பிள்ளைகளுக்குப் பொய்யை இலக்கணத்தோடு அல்லவா கற்றுக் கொடுக்கிறீர்கள்?” என்றார்.

‘இலக்கணத்தோடு’ என்ற அந்தச் சொல் என்னைத் தைத்தது. அன்றைக்கு என்னிடம் விடை இல்லை. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு, மதரஸாவில் ஓதிக் கொடுத்துவந்த என் நண்பரான மௌலவி ஒருவரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, “இது எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கேள்வி. பதிலும் அப்போதே சொல்லப்பட்டுவிட்டது” என்று கூறி, அலமாரியிலிருந்து ஹரீரியின் ‘மகாமாத்’தை எடுத்தார்.

கி.பி. 1054 முதல் 1122 வரை வாழ்ந்த பஸரா நகரத்து அல்-ஹரீரி, அரபு இலக்கியத்தின் பெருந்தூண்களில் ஒருவர். அவருடைய ‘மகாமாத்’ 50 பகுதிகள் கொண்டது. அபூ ஸைத் என்னும் நாவன்மை மிக்க எத்தன் ஒருவன் ஊர் ஊராகச் சென்று சொல்லால் மக்களை மயக்கிப் பொருள் பறிக்கிறான். ஹாரிஸ் என்பவர் போகுமிடமெல்லாம் அவனைச் சந்தித்து அடையாளம் கண்டுகொள்கிறார். இருவரும் கற்பனை மாந்தர்கள். ஜவுளிக் கடைக்காரர் கேட்ட கேள்வியை உலகம் தம்மிடமும் கேட்கும் என்று ஹரீரி அறிந்தேயிருந்தார். ஆகவே முன்னுரையிலேயே அதற்கு விடை கூறிவிட்டார். வாயில்லா விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் பேச வைத்த கதைகளைக் கேட்க எவரும் மறுத்ததில்லை. அவற்றைச் சொன்னவர்களைப் பாவிகள் என்று தள்ளியதுமில்லை. செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தே அமைகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். நம் நாட்டுப் பஞ்சதந்திரம் பஹ்லவி மொழி வழியாகச் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பாவின் கையால் ‘கலீலா வ திம்னா’ என்று அரபு உருவம் பெற்றது. அத்தகைய கதைகளையே அவர் கருத்தில் கொண்டிருக்க வேண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு விளக்கத்தை உருவாக்கினேன். பொய் என்பது யாது? உண்மையல்லாததைச் சொல்வது மட்டும் பொய்யாகிவிடாது. உண்மையல்லாததை உண்மையென்று கேட்பவன் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு சொல்வதே பொய். “ஒரு ஊரில்” என்று தொடங்கும்போதே சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டுவிடுகிறது. அங்கே ஏமாற்றுபவனும் இல்லை, ஏமாறுபவனும் இல்லை. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, நெல் வயல்கள் விளைகின்றன. பாலைவனத்தில் ஏது நெல் வயல் என்று நம் முன்னோர் எவரும் உமறுவைப் பொய்யர் என்று சொன்னதில்லை. தங்கள் மண்ணின் வளத்தையெல்லாம் நாயகம் பிறந்த மண்ணுக்குக் காணிக்கையாக்கும் அன்பு அது என்று அறிந்து மகிழ்ந்தார்கள். நம் பாட்டிமார் அரபுத்தமிழ் ஏடுகளில் கிஸ்ஸாக்களை விளக்கு வைத்துப் படித்துக் கண்ணீர் விட்டதும் அந்த உடன்படிக்கையின் மேல்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருமறை யூசுஃப் நபியின் வரலாற்றை மிக அழகிய வரலாறு என்று கூறுவதை எடுத்துக்காட்டி, ‘பார்த்தீர்களா, கதைக்கு மார்க்கத்தில் இடமுண்டு’ என்று பேசும் மேடைப் பேச்சாளர்கள் உண்டு. நானும் அப்படியே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மௌலவி தடுத்துவிட்டார். “அது நடந்த வரலாறு. புனைகதைக்கு அதைச் சாட்சியாக இழுக்காதீர்கள். உங்கள் வழக்குக்கு ஹரீரி போதும்” என்றார். அவர் சொன்னதே நேர்மை.

அடுத்த வாரம் ஜவுளிக் கடைக்காரரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மகளை வகுப்பிலிருந்து நிறுத்தவில்லை. எனக்கோ உள்ளூரப் பெருமை. கதை பற்றிய அறக்கேள்விக்கு விடை கண்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமை எட்டு மாதம் நீடித்தது.

உயர்நிலைப் பள்ளியில் கதை எழுதப் பழகுவது எப்படி இருந்தது என்பதை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். தேர்வுத்தாளில் குறிப்புகள் தருவார்கள்: விறகுவெட்டி, ஆறு, கோடரி விழுதல், தேவதை, பொன் கோடரி, நேர்மை. இடையிலுள்ள இடைவெளிகளை மாணவி நிரப்ப வேண்டும். கடைசியில் ‘ஆகவே நாமும்’ என்று தொடங்கும் ஒரு நீதி. கதை முடிந்தது, ஐந்து மதிப்பெண்ணும் வந்தது. முதல் சனிக்கிழமை நான் வகுப்பில் கேட்டேன்: “உங்களில் விறகுவெட்டியைப் பார்த்தவர் யார்?” ஒருத்தியும் கை தூக்கவில்லை. “கோடரியை?” அதற்கும் இல்லை. பார்க்காத மனிதன் பார்க்காத கருவியைத் தொலைத்ததைப் பற்றி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நான் வேறு வழியில் தொடங்கினேன். உன் வீட்டு முற்றத்தில் நேற்று நடந்ததை எழுது. ஒருவர் ஒன்றை விரும்புகிறார், ஏதோ ஒன்று தடுக்கிறது, அதைக் கண்டுபிடி. யார் கண்ணால் பார்க்கிறாய் என்று முடிவு செய்துகொள். நடுவில் கண்ணை மாற்றாதே. ‘அவள் வருந்தினாள்’ என்று எழுதாதே. வருந்தியபோது அவள் கை என்ன செய்தது என்று எழுது. பேச்சை உங்கள் தெருவில் பேசுகிறபடியே எழுது. ‘அன்னையே’ என்று எழுதாதே, உம்மா என்று எழுது. கடைசியில் நீதி சொல்லாதே.

அந்த நீதிகளை அடிப்பதற்கே ஒரு மைப்புட்டி சிவப்பு மை தீர்ந்தது. ஆனால் மூன்றாம் மாதத்தில் பலன் தெரிந்தது. மண்ணெண்ணெய் டின்னைத் தலைகீழாகச் சாய்த்து நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் உம்மாவைப் பற்றி ஒருத்தி எழுதினாள். ரேஷன் கடை வரிசையில் தன் வகுப்புத் தோழியைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்ட பெண்ணைப் பற்றி இன்னொருத்தி. படித்துவிட்டு இரவெல்லாம் எனக்கு உறக்கம் வரவில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற பின்னும், 1938-இல் உ.வே. சாமிநாதையரின் மதிப்புரையோடு ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்டவர். அவரைப் போல் ஒருத்தியாவது இந்த 22 பேரில் இருக்கமாட்டாளா என்று ஆசைப்பட்டேன்.

ஒருத்தி இருந்தாள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அவள் தெருவில், இரண்டு வீடு தள்ளி, கணவர் ஜித்தாவுக்குச் சபர் போயிருந்த இளம் மனைவி ஒருவர் வசித்தார். குர்ஆன் ஓதுவார், அரபுத்தமிழ் படிப்பார்; கணவருடைய கிறுக்கல் கையெழுத்தில் வரும் தமிழ்க் கடிதத்தைக் கூட்டிப் படிக்க மட்டும் தடுமாறுவார். அதனால் கடிதம் வந்தால் இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார். எதிர்ச்சாரியில் கணவரின் தாயார், வயது முதிர்ந்தவர், தபால்காரர் மணியோசை கேட்டதும் வெற்றிலைச் செல்லத்தோடு தெருவைக் கடந்து வந்து மருமகள் வீட்டு நடையில் உட்கார்ந்துகொள்வார். மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்ததில் மகனுக்குத் தாயாரிடம் மனத்தாங்கல். கடிதத்தில் தாயாரைப் பற்றி ஒரு வரிகூட இராது.

முதல் முறை இந்தப் பெண் உள்ளதை உள்ளபடி படித்து முடித்தபோது, மூதாட்டி, “அவ்வளவுதானா?” என்றாராம். அடுத்த முறை, படிக்கத் தொடங்கும் முன்பே மருமகள் இவளை அடுப்படிக்கு அழைத்துப்போய்க் காதோடு, “மாமிக்கு ஸலாம் சொல்லி, முட்டிவலி எப்படியிருக்கிறது என்று கேட்டதாக ஒரு வரி சேர்த்துப் படித்துவிடம்மா” என்றார். அன்று முதல் ஒவ்வொரு கடிதத்திலும் இவள் ஒரு வரி சேர்த்தாள். நாளடைவில் அது மூன்று வரியாயிற்று, நான்கு வரியாயிற்று. சேர்த்த வரிகளைப் படிக்கும்போது மூதாட்டி செல்லத்தின் மூடியை விரலால் இருமுறை தட்டுவார். இன்னொரு முறை படி என்பது அதற்குப் பொருள்.

அவள் எழுதிய கதை இதுதான். ஆறு பக்கம். மிகையாக ஒரு சொல் இல்லை. செல்ல மூடியில் விரல் தட்டும் இடத்தின் ஓரத்தில் ‘மிக நன்று’ என்று எழுதினேன். பள்ளி ஆண்டு மலருக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன். கொடுக்கும் முன் அவள் தயங்கி நின்று கேட்டாள்: “சார், இதெல்லாம் உண்மையாக நடந்தது. பெயரை மாற்றினால் போதுமா?”

“போதும்” என்றேன்.

1987 மார்ச்சில் மலர் வெளிவந்து வீடு வீடாகச் சென்றது. மூதாட்டியின் மகள் வயிற்றுப் பேரன், ஏழாம் வகுப்புப் படிப்பவன், அதை முற்றத்தில் உரக்கப் படித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. புதுப் புத்தகம், அடுத்த தெருப் பெண் எழுதிய கதை, அவ்வளவுதான். பெயர்கள் வேறாக இருந்தன. ஆனால் செல்லத்தின் மூடியை இருமுறை தட்டுபவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். அடுத்த முறை தபால்காரர் வந்தபோது மூதாட்டி தெருவைக் கடக்கவில்லை. அதன் பிறகும் கடக்கவில்லை. மருமகள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். “லாத்தா என்னைக் கூப்பிடுவதே இல்லை, சார்” என்று மட்டும் அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்.

இப்போது ஜவுளிக் கடைக்காரருக்கு நான் சொன்ன விளக்கத்தை எடுத்து இந்த நிகழ்ச்சியின்மேல் பொருத்திப் பாருங்கள். நம்பவைக்கும் நோக்கத்தோடு உண்மையல்லாததைச் சொல்வது பொய். அப்படியானால் கடிதத்தில் சேர்க்கப்பட்ட வரிகள் அப்பட்டமான பொய். ஆனால் இருவரிடையே இணக்கம் ஏற்படுத்துவதற்காக நல்லதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பொய்யர் ஆகமாட்டார் என்று புகாரீயிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு. மறுபுறம், மலரில் வந்த கதையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் ஒரு மூதாட்டியைத் தன் வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டது. புறம் பேசுதல் என்றால் என்ன என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை நாம் அறிவோம். உன் சகோதரரைப் பற்றி அவர் வெறுக்கும் ஒன்றைச் சொல்வது புறம். சொன்னது உண்மையாக இருக்குமா என்று தோழர்கள் கேட்டபோது, உண்மையாக இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அவதூறு என்று விளக்கம் கிடைத்தது. உண்மை என்பது அங்கே மன்னிப்புக்குரிய காரணமாக வரவில்லை. குற்றத்தின் இலக்கணமாகவே வருகிறது.

நான் தவறான வாசலைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கதையில் பொய் எழுதுவார்களோ என்ற அச்சத்துக்கு ஹரீரியைத் துணைக்கழைத்துப் பதில் சொன்னவன், அவர்கள் உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்க எனக்கு உரிமையான நூல் கையிலேயே இருந்தது என்பதுதான் வேதனை. ஆண்டுதோறும் நான் கற்பித்த தொல்காப்பியம் அது.

அகத்திணை பாடும்போது எந்த ஒருவரின் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. புறத்திணையில் மன்னன் பெயர் வரலாம், ஊர் வரலாம், போர் வரலாம். ஒரு பெண்ணின் காத்திருப்பையும் கண்ணீரையும் பாடும்போது மட்டும் அவள் யாரென்று தெரியக் கூடாது. தலைவி என்று இருந்தால் போதும். இதை வெறும் மரபு என்று விளக்கிவந்தேன். அதற்குள் ஒரு நாகரிகம் இருக்கிறது என்று தோன்றவில்லை. அதைவிட நுட்பமானது ‘நெடுநல்வாடை’ பற்றிய செய்தி. பத்துப்பாட்டில் ஒன்றான அந்தப் பாட்டு, பாசறையில் இருக்கும் தலைவனையும் அரண்மனையில் அவனை நினைந்து வாடும் தலைவியையும் பாடுவது. பெயர் எங்கும் இல்லை. எனினும் அதில் வேலின் தலையில் வேம்பு கட்டியிருப்பதாக ஓரிடம் வருகிறது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பினாலேயே அது அகப்பாட்டு அன்று, புறப்பாட்டு என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். பெயர் வேண்டியதில்லை, ஒரு வேப்பந்தழை போதும்.

வெற்றிலைச் செல்லத்தின் மூடியும் ஒரு வேப்பந்தழைதான். அந்த இடத்தில் தான் நான் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தேன். எழுத்துக் கலையில் நாம் மிக உயர்வாகப் பாராட்டும் பொருள், உயிரோடு துடிக்கும் அந்தத் துல்லியமான விவரம். அதுவே ஒரு மனிதரைத் தெருவுக்கு இழுத்துவரும் கயிறாகவும் அமைந்துவிடுகிறது.

அப்படியானால் எவரும் எதையும் எழுத முடியாதே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். வைக்கம் முகமது பஷீர் ‘பாத்துமாவின் ஆடு’ நாவலை 1959-இல் வெளியிட்டார். தம் சொந்த வீடு, தம்பி தங்கைகளின் சொந்தப் பெயர்கள், அவர்கள் தம்மிடம் காசு கேட்டு நச்சரிப்பது, எல்லாம் அதில் அப்படியே உண்டு. அவருடைய புத்தகங்களை ஆடு தின்றுவிடுவதும் உண்டு. அங்கே புறம் இருக்கிறதா? எனக்குத் தெரிந்தவரை இல்லை. அந்த வீட்டில் மிக அதிகமாகக் கேலிக்குள்ளாகும் ஆள் பஷீரே. அவர் தமக்கு ஒளிவிடம் தேடிக்கொண்டு மற்றவர்களை வெளிச்சத்தில் நிறுத்தவில்லை. என் மாணவியின் கதையிலோ கடிதம் படிக்கும் பெண் பார்ப்பவளாக மட்டும் இருந்தாள். அந்த வரிகளைக் கட்டுவதில் அவளுக்கு ஏற்பட்ட ஆனந்தம், நாளுக்கு நாள் அவற்றை அழகுபடுத்தியது, இவை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வந்தது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் ஆதிக்கத்தை அதில் படித்தபோது, இது எங்கள் ஊர் முதலாளி அல்லவா என்று பல ஊர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். சல்மா புனைபெயரில் எழுதி, 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யைத் தந்தபோது, வீட்டுச் செய்திகளை வெளியே சொல்வதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வெளியே சொல்லப்படாததால் யாருக்கு ஆதாயம் என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘குடும்ப மானம்’ என்ற சொல்லைப் பெரும்பாலும் எடுத்து வீசுபவர், அந்த மானத்தின் பேரால் சுகப்படுபவர்தாம். அநியாயத்துக்கு உள்ளானவர் அதை வெளியில் சொல்ல மார்க்கமே இடம் தருகிறது. ஆகவே ‘யாரையும் புண்படுத்தாமல் எழுது’ என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். முதலாளி புண்படுவதும், தாயாரைப் பற்றி ஒரு வரி எழுதாத மகன் புண்படுவதும் ஒன்று. வெற்றிலைச் செல்லத்தோடு தெருவைக் கடக்கும் மூதாட்டி புண்படுவது வேறு. ஜித்தாவிலிருந்த மகனுக்கு மலர் போகவே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் கோபமும் வருகின்றன.

மேலும், பஷீரும் மீரானும் சல்மாவும் பெரியவர்கள். எதை எழுதுகிறோம், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று அறிந்து எழுதியவர்கள். 14 வயதுப் பிள்ளைக்கு வீட்டையும் தெருவையும் தவிர வேறு முதல் கிடையாது. ‘உனக்குத் தெரிந்ததை எழுது’ என்று ஆசிரியர் சொல்கிறார், கையில் மதிப்பெண் இருக்கிறது, பாராட்டு இருக்கிறது, மலரில் அச்சாகும் பெயர் இருக்கிறது. பிள்ளை தன்னிடமுள்ளவற்றுள் மிக விலையுயர்ந்ததைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அது பெரும்பாலும் இன்னொருவர் அவளிடம் ஒப்படைத்த அமானத்தாக இருக்கும். குற்றம் பிள்ளையுடையது அன்று. பெயரை மாற்றினால் போதுமா என்று அவள் கேட்டாள். அது போதாது என்று அவள் உள்ளம் அறிந்திருந்ததால்தான் கேட்டாள். போதும் என்றவன் நான்.

அடுத்த ஆண்டிலிருந்து சனிக்கிழமை வகுப்பை மாற்றினேன். முற்றத்தில் நடந்ததை எழுது என்று சொல்வதை விடவில்லை. அதை விட்டால் மறுபடியும் விறகுவெட்டிதான். ஆனால் எழுதியதை அதோடு விட்டுவிட முடியாது. மூதாட்டியை முதியவராக்கு, ஜித்தாவைப் பினாங்காக்கு, கடிதத்தை வேறொன்றாக்கு என்பேன். “மறைப்பதற்காகவா சார்?” என்பார்கள். மறைப்பதற்காக மட்டும் அன்று. மூதாட்டியை முதியவராக்கியவுடன் அவர் தெருவைக் கடந்து வந்து நடையில் உட்கார முடியாது. மருமகள் முன்னால் வரத் தயங்குவாள். அப்போது கடிதத்தை யார், எங்கே நின்று படிப்பது? ஒவ்வொன்றையும் புதிதாக நினைக்க வேண்டும். நினைக்க நினைக்க, அந்த மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று உள்ளே இறங்கிக் கேட்க வேண்டியதாகிறது. பார்த்ததை அப்படியே எழுதும்போது இந்தக் கேள்வி வருவதில்லை. பார்த்ததே போதும் என்று தோன்றிவிடுகிறது. எங்கள் வகுப்பில் பொய் கூடக் கூடப் பாவம் குறைந்தது என்று ஒருநாள் ஜவுளிக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, என்னைப் பற்றிய கவலை கூடிற்றா, தெரியவில்லை.

ஆனால் இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது அந்தப் பெண்ணே. மலர் வந்து ஒரு மாதம் கழிந்திருக்கும். நான் மூதாட்டியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனேன், தேநீர் கொடுத்தார், மீன் விலையைப் பேசினார், நான் பேச வந்ததைப் பேசாமலே எழுந்து வந்துவிட்டேன். என் கோழைத்தனத்தை மறைக்கவோ என்னவோ, அந்தப் பெண்ணை அழைத்து, அதே கதையை மூதாட்டியின் கண்ணால் எழுதிப் பார் என்றேன். முதல் வாரம் வெறுங்கையோடு வந்தாள். இரண்டாம் வாரம் ஒரே ஒரு தாள் கொண்டுவந்தாள்.

அதில் மூதாட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதல் கடிதத்திலிருந்தே தெரிந்திருந்தது. அந்தப் பெண் வரிகளின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே படிப்பாள். மாமிக்கு ஸலாம் என்று வரும் இடத்தில் மட்டும் விரல் ஓடாது. ஒரே இடத்தில் நிற்கும். மூதாட்டி எழுத்தறியாதவர், விரலை அறிந்தவர். செல்லத்தைத் தட்டி இன்னொரு முறை படிக்கச் சொன்னது காது கேளாமல் அன்று. இரண்டாம் முறை சொற்கள் சற்று மாறும், முட்டிவலி முதுகுவலியாகும். மகன் எழுதாததை மருமகள் சொல்லச் சொல்கிறாள், ஊரார் வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து கட்டுகிறது, இவ்வளவு பேர் எனக்காகப் பாடுபடுகிறார்கள் என்று அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மலர் வந்த பின் தெருவைக் கடக்காததற்கும் காரணம் எழுதியிருந்தாள். மகன் கேட்கவில்லை என்ற செய்தி அவருக்குப் புதிது அன்று. இனிமேல் போனால், தமக்குத் தெரியும் என்று தெரிந்துகொண்டே அந்தப் பிள்ளை படிக்க வேண்டியிருக்கும். அது எப்படிப் படிக்கும்?

தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். “அவர்கள் உன்னிடம் இப்படிச் சொன்னார்களா?” என்று கேட்டேன்.

“இல்லை சார். நான் கட்டியதுதான்” என்றாள். சற்று நேரம் கழித்து, “விரல் நிற்பது மட்டும் உண்மை. எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது” என்றாள்.

“இதை மலரில் போட வேண்டாம்” என்றேன்.

“போடுவதற்கு எழுதவில்லை சார். அவர்களுக்குப் படித்துக் காட்டலாமா?”

நான் வாய் திறக்கவில்லை. ஒரு முறை ‘போதும்’ என்று சொன்ன வாய் அது. அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு என் கையிலிருந்து தாளை வாங்கி நான்காக மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். படித்துக் காட்டினாளா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.